முதல் தவறைத் தேடியவர்

அந்த அம்மையாரின் மடியில் எந்நாளும் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும். அதற்குள் உணவு இருந்து நான் கண்டதில்லை. சதுரமாக வெட்டி நான்காக மடித்த தாள்கள் அதில் நிறைந்திருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கும், விடை இராது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் காலை இரயிலில், முதல் நிலையத்திலேயே ஏறுபவர் ஆதலால், சன்னலோர இருக்கை அவருக்கு வாய்த்துவிடும். கோரமண்டலில் நான் ஏறும்போது பெட்டியில் நிற்பதற்கே இடம் தேட வேண்டியிருக்கும். தம் பையை வைத்து எனக்கென ஓரிடம் பிடித்திருப்பார். நான் அமர்ந்ததும் டப்பாவைத் திறந்து நீட்டுவார்.

"ஒண்ணு எடுங்க சாமி. பாக்காம எடுக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவேன். சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பவர் குருக்களின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்குவதுபோல, அதை இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெட்டியில் இருந்தவர்கள் அவரைக் கணக்கக்கா என்றே அழைத்தனர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. பெங்களூரில் ஓர் அரசுக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கும் ஒப்பந்தப் பணி. நானோ தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டில் அமர்ந்திருக்க மனம் ஒப்பாமல், பெங்களூரில் ஒரு கிடங்கில் பதிவேடு எழுதப் போய்வந்துகொண்டிருந்தேன். இன்று அவர் எங்கே இருக்கிறார் என்பதை அறியேன். அந்தக் காலை இரயிலை நான் விட்டும் ஆண்டுகள் சில ஆகின்றன.

அந்தப் பெட்டியில் பயணம் செய்யாதவர்க்கு அதன் நெருக்கத்தைச் சொல்லி விளக்குவது கடினம். பிடிக்காக ஒருமுறை உயர்த்திய கையைப் பங்காருப்பேட்டை வரும்வரை இறக்க இயலாது. அங்கே இறங்குபவர் சிலர், ஏறுபவர் பலர். அதன்பின் வண்டி யாருக்கும் விளங்காத காரணங்களால் வயல்களின் நடுவே நிற்கும். முன்னும் போகாது, இறங்கி நடக்கவும் வழியில்லை. போகையில் இரண்டரை மணி நேரம், வருகையில் இரண்டரை மணி நேரம். அடைபட்ட மனிதர்கள் செய்யக்கூடியவை சிலவே. உறங்குவார்கள், சீட்டாடுவார்கள், கைப்பேசியை உற்றுப் பார்ப்பார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பதிகம் பாடுவோம். முன்பாட்டு நான்.

அவரோடு எனக்கு ஏற்பட்ட முதற் பழக்கமே அந்தப் பாட்டினால் வந்ததுதான். ஒருநாள் பாடி முடித்துத் திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தபோது, எதிரிலிருந்து ஒரு குரல்.

"பாட்டு நல்லா கீது சாமி. ஆனா நாலாவது பாட்டுல மூணாவது வரியும் நாலாவது வரியும் ஒட்டலியே. ஒண்ணுக்கொண்ணு மாறிப்போச்சா?"

எனக்குச் சினம் வந்தது. முப்பது ஆண்டுகளாக நான் பாடிவரும் பதிகம் அது. "பெரியவங்க பாடி வெச்சதும்மா. ஒட்டுதா இல்லையான்னு நாம பாக்கக் கூடாது," என்றேன். அன்று மாலை வீடு திரும்பியதும் பழைய ஏட்டைப் புரட்டினேன். அவர் சொன்னதே சரி. இரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தன.

மறுநாள், நாணத்தோடுதான், அவரிடம் ஒப்புக்கொண்டேன். வென்றவரின் மகிழ்ச்சி சிறிதும் அவர் முகத்தில் தோன்றவில்லை.

"எப்போ மாறிச்சி சாமி?"

"தெரியாதும்மா."

"சொல்லிக் குடுத்தவரே மாத்திப் பாடினாரா, நீங்க மாத்திக்கினீங்களா?"

"அவர் போயே இருபது வருஷமாச்சு. எப்படிச் சொல்றது? அதான் திருத்திக்கிட்டேனே, விடும்மா."

"திருத்திக்கினீங்க. ஆனா மொத தரம் எங்க தப்பாச்சின்னு தெரியலியே," என்றார். அது தெரியாமல் நான் எவ்வாறு உண்டேன், எவ்வாறு உறங்கினேன் என்ற வியப்பு அவர் பார்வையில் இருந்தது. அந்தப் பார்வையே அவர். மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட ஆண்டில் அவர் பி.யு.சி. இரண்டாம் ஆண்டு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பாடங்களிலும் தேறினார்; கணக்கில் தவறினார். தந்தைக்கு வேலை போயிற்று. படிப்பும் அத்தோடு நின்றது. ஆய்வகத்தில் பணி நிரந்தரமாக வேண்டுமானால் பி.யு.சி. தேறியிருக்க வேண்டும், நாற்பது வயது நிறையுமுன் தேறியிருக்க வேண்டும். மாரிகுப்பத்தில் பழைய சுரங்கக் குடியிருப்பின் ஓரறை வீடு. படுத்த படுக்கையாய் ஒரு தாய். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படலாம், புதுப்பிக்கப்படாமலும் போகலாம். அந்த ஒரேயொரு தாள்தான் அவருக்கும் எல்லாவற்றுக்கும் நடுவே நின்றது.

"அப்போ நான் கணக்க மனப்பாடம் பண்ணேன் சாமி," என்றார் ஒருமுறை. "நீங்க பாட்டுப் படிக்கிற மாதிரியே. காலைல எந்திரிச்சி இருபது தரம் சொல்லுவேன். பரீட்சைல நம்பர மாத்திக் குடுத்துட்டாங்க. அவ்ளோதான், ஒண்ணுமே வரல."

எனக்குச் சுருக்கென்றது. நான் பாட்டு மட்டுமன்றி எல்லாவற்றையுமே அவ்வாறு கற்றவன்.

இப்போது அவர் பின்பற்றிய முறை வேறு. கைநூலில் தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றை ஒருமுறை நிதானமாகப் படிப்பார். நூலை மூடி என் கையில் தந்துவிடுவார். பின் தாமாகவே முதல் வரியிலிருந்து போடுவார். "பாத்துக்கினே போனா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். மூடினாதான் நம்ம லட்சணம் தெரியும்," என்பார். போட்டு முடித்தபின் விடையை மட்டும் நான் ஒப்பிட வேண்டும். சரி என்றோ தப்பு என்றோ ஒரு சொல்தான் நான் சொல்லலாம். எந்த வரியில் தப்பு என்று வாய் திறந்தால் முகம் சிவந்துவிடும். சரியாய்ப் போட்ட கணக்கும் மூன்று நாள் கழித்து மறுபடியும் டப்பாவுக்குள் விழும். ஒரே அத்தியாயத்துக் கணக்குகளை அடுத்தடுத்துப் போடமாட்டார். பரீட்சையில் எது எந்த அத்தியாயம் என்று எவரும் காதில் வந்து சொல்லமாட்டார்கள் என்பது அவர் வாதம். குலுக்கி எடுப்பதன் காரணம் அதுவே.

தவறிய கணக்குகளுக்கென்று ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருந்தார். இடப்பக்கம் தவறிய வரி; வலப்பக்கம் தவறியதற்கான காரணம், தம் சொற்களில். ஒருமுறை அதை என்னிடம் காட்டினார். 'அவசரம்.' 'மைனஸைப் பார்த்தேன், மதிக்கவில்லை.' 'தெரியாததைத் தெரியும் என்று நினைத்துத் தாண்டினேன்.' 'அம்மா இருமினாள், நான் எழுந்தேன், திரும்பி வந்தபோது வேறு வரியில் தொடங்கினேன்.' பக்கம் பக்கமாக இவ்வாறே. நான் குறிப்பேட்டை மூடி, சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் பாடியவன் நான். எந்தப் பிழை, எந்த நாளில், எதனால் என்று ஒருமுறையேனும் குறித்ததில்லை.

தாம் கற்றதைக் கணக்கே அறியாத ஒருவருக்கு விளங்கச் சொல்வதும் அவர் வழக்கங்களுள் ஒன்று. அதற்கு அகப்பட்டவர் துரைராஜ். ஊரிகத்தில் ஏறும் வெல்டர், எங்கள் பதிகக் கூட்டத்தில் தாளம் போடுபவர், வாய் ஓயாதவர்.

"துரைராஜு, சயனைட் மேடு ஏறிக் கீறியா?" என்று, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குன்றாய்க் குவிந்திருந்ததைச் சொல்லிக் கேட்டார்.

"இன்னாக்கா கேள்வி இது? அதும்மேலதானே வளந்தோம்."

"அடிவாரத்துல ஏறச்சொல்ல எப்டி இருக்கும்?"

"மூச்சு வாங்கும். செங்குத்தா இருக்கும்."

"மேல போவப் போவ?"

"கொஞ்சம் கொஞ்சமா சாய்வு கொறையும்."

"உச்சில நின்னா?"

"உச்சில ஏதுக்கா சாய்வு? அங்க சமமாத்தானே கீது."

"அதான் ஜீரோ. எங்க சாய்வு ஜீரோ ஆவுதோ அங்க உச்சி. இதுக்குத்தான் அஞ்சி மார்க்கு."

துரைராஜ் வாயைப் பிளந்தார். "அடப்பாவமே! அந்த மேட்டு மேல இருபது வருசம் கிரிக்கெட் ஆடினோம். கீழ தங்கம் கீதுன்னாங்க, மேல விசம் கீதுன்னாங்க. கணக்கு கீதுன்னு ஒருத்தனும் சொல்லலியே!"

பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் அவ்வாறு வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது இரண்டு மூன்று முறைதான்.

இத்துணைச் சீராகக் கற்றவர், அந்த இரயிலில் படிக்கத் தொடங்கியபின் எழுதிய இரண்டு துணைத் தேர்வுகளிலும் தவறினார். முதல் முறை ஏதோ நேரம் சரியில்லை என்று எண்ணினோம். இரண்டாம் முறை எனக்கு அது விளங்கவில்லை. டப்பாவிலிருந்து எதை எடுத்துக் கொடுத்தாலும் போடுகிறவர். என்னதான் நடந்தது என்று வற்புறுத்திக் கேட்டேன்.

சன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "மூணாவது கணக்குல ஒரு தப்பு வந்துச்சி சாமி. எங்கன்னு தேடினேன். ஒண்ணரை மணி நேரம் ஆயிடிச்சி."

"மிச்ச கணக்கெல்லாம்?"

"தெரியும். படிச்சிப் பாத்தேன். எல்லாமே தெரிஞ்சதுதான்."

"தெரிஞ்சதை விட்டுட்டு, தெரியாத ஒண்ணுல உக்காந்திருந்தீங்களா?"

"உட முடியல."

அப்போதுதான் அச்சம் என்னைப் பற்றியது. அவரை இத்தனை தூரம் கொண்டுவந்த பழக்கமே தேர்வறையில் அவர் காலைக் கட்டியிருக்கிறது. பிழையை விட்டுச் செல்லாதே என்று தமக்குத் தாமே ஈராண்டாகக் கற்பித்திருக்கிறார். அதை மட்டும் பிழையறக் கற்றிருக்கிறார். அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அது முடிந்த ஆறாம் வாரம் அவருக்கு நாற்பது நிறைகிறது. அதற்குப்பின் தேறினாலும் பயனில்லை.

அவரது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசை வரிசையாக ஆணிகள் வரைந்திருக்கும். சில ஆணிகளில் ஒரு வட்டம் தொங்கும். சில வெறுமையாய் இருக்கும். இவை என்னவென்று அன்று கேட்டேன்.

"எங்கப்பா சுரங்கத்துல டிம்பர் வேலை, பாறை சரியாம மரம் முட்டுக் குடுக்குறது. கீழ எறங்குற ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட ஒரு டோக்கன். மேல வந்தா போர்டுல மாட்டணும். ஒரு ஆணி காலியா இருந்தாலும் ஷிப்ட் முடியல, ஆளு இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். தப்பாப் போன கணக்குக்கு நான் காலி ஆணி போடுவேன். எப்போ எங்க தப்புன்னு தெரியுதோ, அப்போதான் டோக்கன் மாட்டுவேன்."

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒரு நாளு கீழ பாறை வெடிச்சிடிச்சி சாமி. மேல தூக்குற கேஜ் வந்து ஆளுங்கள ஏத்திச்சி. அப்பாவோட ஜோடியா வேலை செஞ்சவரு வரல. ஷிப்ட் கேப்டன் ஏறுன்னாரு, அப்பா ஏறிட்டாரு. மூணாம் நாளுதான் அவர எடுத்தாங்க. சாவுற வரிக்கும் அப்பா ஒரே பேச்சு, நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும்னு."

"நின்னிருந்தா அவரும்..."

"தெரியும் சாமி. அப்பா ஏறினது சரிதான். ஆனா பேனாவத் தூக்கி அடுத்த கணக்குல வெக்கச் சொல்ல, எனக்குக் கை வர மாட்டேங்குது."

அதற்கு நான் ஒரு முட்டாள்தனத்தைச் சொன்னேன். கோவிலுக்கு வந்து, பத்து நிமிடத்துக்கு மேல் எந்தக் கணக்கிலும் நிற்பதில்லை என்று இறைவன் முன் வாக்குக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"தப்ப தப்புன்னு தெரிஞ்சிக்கினே உட்டுட்டு வரேன்னு சாமிகிட்ட சத்தியம் பண்ணச் சொல்றீங்களே. அவரு இன்னா நெனப்பாரு?"

துரைராஜ்தான் வேறு வழி கண்டார். மறுநாளிலிருந்து கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்தார். மணி அடித்ததும் பெட்டியில் இருப்பவர் அனைவரும் ஒருசேரக் கூவ வேண்டும். கூவினார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டை இறக்காமல் கூவினார்கள்.

"உடுக்கா!"

"சாக்குக்கா! பிட்பிடு!" என்று, போதும் விட்டுவிடு என்பதைத் தம் மொழியில் சொல்லி, பங்காருப்பேட்டையில் ஏறும் கன்னடக்காரர் ஒருவரும் சேர்ந்துகொள்வார்.

கணக்கக்கா தாளை மடித்து என்னிடம் தந்துவிடுவார். அடுத்ததை எடுப்பார். ஆனால் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது, துரைராஜ் தம் மைத்துனன் கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, இடையில் புகுந்து, "நாலாவது வரி! பிராக்கெட்ட பிரிக்கச் சொல்ல!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. கையிலிருந்து தாள்தான் போயிருக்கிறது. அவர் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறார். மூன்று மாதமும் இவ்வாறே சென்றது. நாள் செல்லச் செல்லக் கூவுபவர்களின் குரலிலும் விளையாட்டுக் குறைந்தது. வெளியே நின்று கதவைத் தட்டுபவர்கள்போல நாங்கள் ஆனோம்.

தேர்வு மையம் கோலாரில். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் வேலை எனக்கும் கோலாரில் இருந்தது. வேறொரு நாளிலும் போயிருக்கலாம், அன்றே போனேன். அலுவலக வேலையை முடித்துக்கொண்டு அந்தக் கல்லூரி மதிலோரப் புங்க மரத்தடியில் நின்றேன். உள்ளே மூன்று மணி நேரமாக ஒரு சத்தமும் இல்லை. மனத்துக்குள் பதிகத்தைத் தொடங்கினேன். நான்காம் பாட்டில் மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவே நின்றுவிட்டேன். அதற்குமேல் பாட்டு நகரவில்லை.

மணி அடித்தது. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார். நெற்றியிலிருந்த குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது.

"எழுதிட்டேன் சாமி. எல்லாம் எழுதிட்டேன்," என்றார். பிறகு, "ஒண்ண உட்டேன்."

"விட்டீங்களா!" என்று என்னை மறந்து உரக்கச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டாவது பெரிய கணக்கு. என்னோட பழைய கைநூல்ல அந்த மாதிரி கணக்கே இல்ல. போட்டேன், தப்பாச்சி. மறுபடி போட்டேன், தப்பாச்சி. மூணு தரம். கை கட்டிப்போட்ட மாதிரி ஆயிடிச்சி. பக்கத்துல ஒரு பொண்ணு கூடுதல் பேப்பர் வாங்கிச்சி. அப்போ நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அந்தக் கணக்குக்குக் கீழ இங்கிலீஷ்ல எழுதினேன். இதில் எங்கோ நான் தவறியிருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை, இப்போது அடுத்ததற்குப் போகிறேன்னு எழுதி, கோடு போட்டேன். எழுதினப்புறம் கை வந்திச்சி சாமி."

"யாருக்கும்மா எழுதினீங்க?"

"தெரியல. திருத்துறவருக்குத்தான்னு வெச்சுக்குங்களேன்."

பேருந்து நிலையம் வரை நடந்தோம். தங்கவயல் பேருந்தில் ஏறி அமர்ந்ததும், பயணச்சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எதையோ எழுதத் தொடங்கினார். வினாத்தாளை உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம்; அந்தக் கணக்கின் எண்கள் அவருக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை. வீடு சேரும்வரை எழுதினார், அழித்தார்.

முடிவு வந்தது ஒரு திங்கட்கிழமை, அவருக்கு நாற்பது நிறைய இரண்டு வாரம் இருக்கையில். வண்டியில் சிக்னல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. துரைராஜ் கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து, திரையைப் பார்த்து, அப்படியே இருக்கையின்மேல் ஏறி நின்றுவிட்டார்.

"பாஸ்! நம்ம அக்கா பாஸ்!"

தேர்ச்சிக்கு வேண்டியதற்கு மேல் ஒரே ஒரு மதிப்பெண். யார் யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்கிருந்தோ வேர்க்கடலைப் பொட்டலங்கள் வந்தன. அன்று பதிகத்தை நாங்கள் பெருங்குரலில் பாடினோம். அவர் கண்கள் நிறைந்திருந்தன. எல்லோரையும் கும்பிட்டார். ஆரவாரம் அடங்கியபின் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்.

"அந்தக் கணக்குக்கு இன்னும் ஆணி காலியாத்தான் கீது சாமி."

விடைத்தாளின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தவறியவர்களும் மதிப்பெண் கூட்ட விரும்புபவர்களும் செய்வது அது. ஆண்டர்சன்பேட்டையில் விண்ணப்பம் அனுப்பிக் கொடுக்கும் கணினிக் கடைக்காரர், "பாஸ் ஆகிதீரல்லா, மத்தே யாக்கே?" என்று இரண்டு முறை கேட்டாராம். தேறிவிட்டீர்களே, பிறகு எதற்கு என்று. "எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும்," என்றிருக்கிறார் இவர். "அவுரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு சாமி," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நகல் வந்த நாளன்று அதை வீட்டில் பிரிக்கவில்லை. இரயிலுக்கே கொண்டுவந்தார். நான் ஏறி அமர்ந்ததும் உறையைக் கிழித்து, பக்கங்களைத் தள்ளி, அந்தப் பக்கத்தை முழங்கால்மேல் விரித்தார். வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டி வயல்களின் நடுவே நின்றது. துரைராஜ் எங்கள் தலைக்குமேல் குனிந்து பார்த்தார்.

பென்சில் முனை வரி வரியாய்க் கீழே இறங்கியது. அடியைத் தொட்டதும் அங்கிருந்து மேலே ஏறியது. மறுபடியும் இறங்கியது. அவர் எழுதியிருந்த அந்த ஆங்கில வாக்கியத்துக்கு எதிரே, திருத்தியவர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். ஓரத்தில் மூன்று மதிப்பெண் போட்டிருந்தார்.

"இன்னாக்கா, மாட்டிச்சா?" என்றார் துரைராஜ்.

நான் கேட்டேன், "எந்த வரிம்மா?"

"எந்த வரியும் இல்ல சாமி."

அவர் பென்சிலைத் தாளின்மேல் படுக்க வைத்தார்.

"பாருங்க. இந்தக் கணக்க ஒரு தரம் பிரிக்கணும். பிரிச்சேன். ரெண்டாம் தரம் பிரிக்கணும். பிரிச்சேன். பிரிச்சா, மொதல்ல குடுத்த அதே கணக்கு மறுபடி வந்து நிக்குது. பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டோமே, அப்போ நடுவுல எங்கியோ தப்புன்னுதானே நெனப்போம்? மூணு தரம் மொதல்லேருந்து போட்டேன். மூணு தரமும் அங்கியேதான் கொணாந்து உட்டுச்சி." விரலால் அந்த வரியைத் தொட்டார். "அது அங்கதான் வரணும். அதான் வழி. வந்தத அப்டியே தூக்கி அந்தாண்ட வெச்சி மொதல்ல இருந்ததோட சேத்தா, விடை. இன்னும் ஒரே ஒரு வரி."

"அப்ப தப்பு?"

"தப்பே பண்ணல சாமி. தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அவுரு மூணு மார்க்கு போட்டுக் கீறாரு."

அந்த மூன்று இல்லையேல் தேர்ச்சி இல்லை என்பது எங்கள் மூவருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. கணக்கக்கா மகிழ்வார் என்று நான் காத்திருந்தேன். ஈராண்டுப் பழக்கத்தில் ஒரு பிழையின் வேரைக் கண்டபோதெல்லாம் அவர் முகம் எப்படி ஒளிரும் என்பது எனக்குத் தெரியும். அன்று அப்படி ஒன்றும் நிகழவில்லை. எஞ்சியிருந்த அந்த ஒரு வரியை எழுதவும் இல்லை. கைகள் மடியில் கிடந்தன. வெளியே கேழ்வரகு வயலையும் அதற்கப்பால் நின்ற பாறைக் குன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரர் வூட்லேருந்து நான் வந்து பதினெட்டு வருசம் ஆவுது சாமி," என்றார்.

அதுவரை அப்படி ஒருவர் இருந்ததாகவே அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"எந்த எடத்துல நான் தப்பு பண்ணேன்னு தெனம் மொதல்லேருந்து போட்டுப் பாக்குறேன். அவங்க வாசல்ல கால வெச்ச நாளுலேருந்து. இன்னா சொன்னேன், இன்னா செஞ்சேன், எதுக்கு எந்திரிச்சேன், எல்லாத்தியும்."

துரைராஜ் மெல்ல நிமிர்ந்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களைச் சுற்றி முழங்கைகளும் பைகளும் நெருக்கிக்கொண்டிருந்தன. எவரோ ஒருவர் வண்டி ஏன் நிற்கிறது என்று எவரையோ கேட்டார்.

"கிடைச்சுதாம்மா?" என்றேன்.

"இல்ல சாமி." சன்னல் கம்பியைப் பிடித்தபடியே, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தப்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல போல."

வண்டி அப்போதும் நகரவில்லை.